மஞ்சள் அட்டை

கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் நான் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த சூப்பர் மார்க்கெட்டில், 2008 ஜனவரியில் கிறிஸ்துமஸ் சேமிப்புத் திட்டம் ஒன்று தொடங்கினார்கள். மாதம் 100 ரூபாய் கட்ட வேண்டும். பதினொரு மாதம் கட்டினால் பன்னிரண்டாவது மாதப் பணத்தைக் கம்பெனி போடும். டிசம்பரில் 1,200 ரூபாய்க்குச் சாமான் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இது புதிய ஏற்பாடு ஒன்றும் இல்லை. நகைக்கடையில் உண்டு, பாத்திரக்கடையில் உண்டு, சபைகளில் பெண்கள் சேர்ந்து நடத்தும் பண்டிகைச் சீட்டும் உண்டு. அதனால் யாருக்கும் அதிகம் விளக்க வேண்டி வரவில்லை.

நான் அப்போது பில் போடும் பெண். சம்பளம் 3,200 ரூபாய். ஆளுக்கு நாற்பது பேரைச் சேர்க்க வேண்டும் என்று சொன்னார்கள். நான் 63 பேரைச் சேர்த்தேன். முதல் ஆள் அம்மா. அப்புறம் அத்தை, பக்கத்து வீட்டு அக்காமார், சபையில் என் பின்வரிசையில் உட்காருகிறவர்கள், நான் படித்த பள்ளியின் ஆயா. மேனேஜர் எல்லோர் முன்னாலும் என்னைக் கைதட்டிப் பாராட்டினார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

சேர்ந்தவர்களுக்கு உள்ளங்கை அளவில் மஞ்சள் நிறத்தில் கெட்டியான அட்டை ஒன்று கொடுத்தோம். மேலே கம்பெனிப் பெயர் அச்சடித்திருக்கும். கீழே பதினொரு கட்டங்கள். பணம் கட்டியதும் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டியது என் வேலை. சீல் குத்துவதற்கு அதில் இடமே இல்லை. அது அன்று என் கண்ணில் படவில்லை.

அறுபத்து மூன்று பேரில் ஒருவர் அண்டி ஆபீசில் வேலை பார்க்கும் பாட்டி. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும்: முந்திரிக்கொட்டையை உடைத்துப் பருப்பெடுக்கும் தொழிற்சாலையை எங்கள் பக்கம் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்த வேலையில் இருக்கிறார்கள். கொட்டை உடைக்கும்போது தெறிக்கும் எண்ணெய் தோலைச் சுட்டுக் கருக்கிவிடும். பாட்டியின் இரண்டு பெருவிரல்களும் நகக்கண் வரை கறுத்திருக்கும். சனிக்கிழமை கூலி வாங்கியதும் முந்தியில் முடிந்து எடுத்து வருவார். பத்து ரூபாய் நோட்டுகளும் சில்லறையுமாக எண்ணி வைத்துவிட்டு அட்டையை நீட்டுவார். அவருடைய அட்டையின் ஓரங்களில் மட்டும் கறுப்பாக விரல் பதிந்திருக்கும். மற்ற அட்டைகளுக்கு நடுவே அதைச் சட்டென்று அடையாளம் கண்டுவிடலாம்.

கடை நடக்கும் விதத்தை எங்கள் மேனேஜர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். தக்கலைக்காரர், பல கடைகளில் வேலை பார்த்து அடிபட்டவர். ஒரு நாள் சரக்கு இறக்கும்போது கேட்டார்: "இந்தப் பருப்பு மூட்டைக்கு நாம இன்னும் பைசா கொடுக்கல்ல, தெரியுமா?" விநியோகஸ்தருக்கு 21 நாள் கழித்துக் கொடுத்தால் போதும். துவரம்பருப்பு எட்டு நாளில் விற்றுத் தீர்ந்துவிடும். மிச்சமுள்ள 13 நாளும் அந்தப் பணம் கடையின் கையில் இருக்கும். பருப்பில், அரிசியில், சர்க்கரையில் லாபம் ரொம்பக் குறைவு. சூப்பர் மார்க்கெட்டை ஓட்டுவது இந்த நாள் கணக்குதான்.

இதில் தவறு ஒன்றும் இல்லை. உலகம் முழுக்கப் பெரிய கடைகள் இப்படித்தான் நடக்கின்றன. ஆனால் எங்கள் கம்பெனி அந்தப் பதின்மூன்று நாள் பணத்தைச் சொந்தப் பணமாக நினைத்துவிட்டது. அதை எடுத்து அடுத்த ஊரில் கிளைக்கு அட்வான்ஸ் கொடுத்தது, ஏசி வாங்கிப் போட்டது, ரேக் வாங்கியது. போதாததற்கு வங்கியில் கடன். நாங்கள் மாதாமாதம் அட்டையில் கையெழுத்துப் போட்டு வாங்கிய நூறு நூறு ரூபாயும் அதே வழியில்தான் போனது. அது எனக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. டீ குடிக்கும்போது பேப்பரில் பார்த்தோம். அது எங்கேயோ நடக்கிற விஷயம் என்று நினைத்தோம். அந்த மாதக் கடைசியிலேயே இங்கே ஒரு பெரிய தனியார் வங்கியைப் பற்றி வதந்தி கிளம்பி, பணம் எடுக்க ஜனங்கள் ஏடிஎம் வாசலில் வரிசையில் நின்றார்கள். வங்கியிடம் போதுமான பணம் இருக்கிறது என்று ரிசர்வ் வங்கியே அறிக்கை விட வேண்டி வந்தது.

எங்கள் மாவட்டத்துக்கு நெருக்கடி வங்கி வழியாக வரவில்லை. ரப்பர் வழியாக வந்தது. அருமனை, குலசேகரம் பக்கமிருந்து ரப்பர் ஷீட் விற்ற கையோடு மாதச் சாமான் வாங்க வருகிறவர்கள் எங்களிடம் அதிகம். மழைக்காலத்தில் நல்ல விலை போன ஷீட், கிறிஸ்துமஸ் வருவதற்குள் பாதி விலைக்கு இறங்கிவிட்டது. பில் போடும் இடத்தில் உட்கார்ந்திருந்தால் இது கண்ணுக்குத் தெரியும். வண்டி நிறையச் சாமான் எடுத்துவந்து, பில் ஓடும்போது தொகையைப் பார்த்துக்கொண்டே, "அந்த பிஸ்கட்ட எடுத்து மாற்றி வை மக்களே, அந்த ஷாம்பு வேண்டாம்" என்பார்கள். நாளின் கடைசியில் என் காலடியில் திரும்பிப் போக வேண்டிய சாமான் ஒரு கூடை சேர்ந்திருக்கும். முன்பெல்லாம் இரண்டோ மூன்றோ இருந்தால் அதிகம்.

அப்புறம் வளைகுடா. எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் ஆட்கள் துபாயில் கட்டட வேலையில் இருந்தார்கள். "லீவில் வந்திருக்கான்" என்று சொன்னார்கள். லீவு முடியவே இல்லை. ஒரு அக்கா வழக்கமாக வாங்கும் பால்பவுடர் டின்னைக் கையில் எடுத்து, விலையைப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்ததைப் பார்த்தேன். நான் பார்த்தது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு அவர் என் வரிசைக்கு வரவில்லை. அண்டி ஆபீசிலும் வாரத்துக்கு நாலு நாள்தான் வேலை என்று பாட்டி சொன்னார். இருந்தும் பத்தாவது கட்டத்துக்கும் பதினொன்றாவது கட்டத்துக்கும் பணம் கொண்டு வந்துவிட்டார்.

விற்பனை இறங்கியதும் முதலில் சரக்கு கொடுக்கிறவர்களுக்குத்தான் தெரியும். 21 நாள் என்றிருந்தது 14 ஆனது, பிறகு ஏழு. நவம்பரில் ஒரு காசோலை திரும்பிவிட்டது. அதற்குப் பிறகு சோப்பு கம்பெனி ஆள் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, "கையில பைசா தந்தா இறக்குறேன்" என்றார். பணமோ ஏசியாகவும் ரேக்காகவும் மாறிப் பல ஊர்களில் நின்றுகொண்டிருந்தது. அதைப் பிடுங்கி விற்று அவருக்குக் கொடுக்க முடியுமா?

அலமாரி காலியாகத் தெரியக்கூடாது என்று உத்தரவு. இருக்கிற பாக்கெட்டுகளை முன் ஓரத்துக்கு இழுத்து ஒரே வரிசையாக அடுக்குவோம். எதிரிலிருந்து பார்த்தால் நிறைந்திருக்கும். ஒன்றை எடுத்தால் பின்னால் வெறும் தகரம். சோப்பு இருந்த இடத்தில் உப்பு பாக்கெட் வைத்தோம், எண்ணெய் இருந்த இடத்திலும் உப்பு பாக்கெட் வைத்தோம். உப்பு மட்டும் தட்டில்லாமல் கிடைத்தது. ஒரு நீண்ட அலமாரி முழுக்க, மேலிருந்து கீழே வரை, நானும் இன்னொரு பெண்ணும் உப்பு அடுக்கினோம். அன்று சாயங்காலம் வந்த ஒரு தாத்தா அந்த அலமாரி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். ஒரு பாக்கெட்டை நகர்த்தி உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் வாங்காமல் போய்விட்டார்.

டிசம்பர் வந்தது. முதல் பத்து நாளில் அட்டை கொண்டு வந்தவர்களுக்குச் சாமான் கிடைத்தது. என் 63 பேரில் 41 பேர் அதில் அடக்கம். பத்தாம் தேதிக்குப் பிறகு தலைமை அலுவலகத்திலிருந்து போன்: அட்டைக்காரர்களுக்கு ஜனவரியில் கொடுப்போம் என்று சொல்லுங்கள். மைதா இல்லை, சர்க்கரை இல்லை, நெய் இல்லை. கிறிஸ்துமஸுக்கு அச்சப்பமும் முந்திரிக்கொத்தும் முறுக்கும் சுடாத வீடு எங்கள் ஊரில் கிடையாது. அதற்காகப் பதினொரு மாதம் காசு கட்டியவர்களிடம் பண்டிகை முடிந்து தருகிறோம் என்று சொல்ல வேண்டும். நான் சொன்னேன். 22 பேரிடமும் சொன்னேன். "நிச்சயமா வரும் அக்கா" என்றும் சேர்த்துச் சொன்னேன். மேனேஜர் அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. நானாகச் சேர்த்துக்கொண்டேன். அந்த ஒரு சொல்லுக்காக நான் இன்றும் வருத்தப்படுகிறேன்.

ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு, தன் கம்பெனிக் கணக்கில் சுமார் 7,000 கோடி ரூபாய் பொய் என்று தானே எழுதிக் கொடுத்தார். அந்த மாதங்களிலேயே சுபிக்ஷாவும் நின்றது. 1997இல் சென்னையில் தொடங்கி, நாடு முழுக்க 1,600 கடைகள் வரை வளர்ந்த நிறுவனம். அவர்களே மூடிவிட்டார்கள் என்றதும் விநியோகஸ்தர்கள் எங்களைப் போன்ற சின்ன கம்பெனியை எப்படி நம்புவார்கள்? பால் வண்டிகூட முன்பணம் கேட்டது. மார்ச் மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் போனபோது ஷட்டரில் இரண்டு பூட்டு தொங்கியது. ஒன்று எங்களுடையது. மற்றது கட்டட உரிமையாளருடையது.

இரண்டு மாதச் சம்பளம் பாக்கி. வருங்கால வைப்பு நிதிக்கென்று பிடித்த பணம் பல மாதங்களாகக் கட்டப்படவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அதைக்கூட நான் பெரிதாக நினைக்கவில்லை. பெரிதாக நினைத்தது அட்டையை.

பணம் கிடைக்காதவர்கள் சிலர் சேர்ந்து புகார் கொடுக்கப் போனார்கள். நானும் போனேன், அவர்கள் பக்கம் நிற்க. அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் கேட்டார்: "இதில கம்பெனி சீல் எங்க? இந்தக் கையெழுத்து யாரோடது?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கையெழுத்து, பதினொரு முறை, கட்டம் கட்டமாக. கம்பெனிப் பதிவேட்டிலும் வரவு இருக்கிறது என்று நான் சொன்னதை அவர் குறித்துக்கொண்டார். என் மேல் வழக்கு ஒன்றும் வரவில்லை. ஆனால் திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

அம்மாவின் ஒரு மோதிரத்தை அடகு வைத்து ஏழு பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எட்டாவதாக அண்டி ஆபீஸ் பாட்டியின் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். 1,200 ரூபாயை நீட்டினேன். பாட்டி நோட்டைப் பார்க்கவே இல்லை.

"இது ஆருக்க பைசா?"

"என் பைசாதான் பாட்டி."

"உனக்க பைசா எனக்கு எதுக்கு மக்களே? நீயும் கூலிக்கு நின்னவதானே. எனக்குக் கடைக்க பைசா வேணும். அதுவும் நீங்க போடுறோம்னு சொன்ன நூறு வேண்டாம். நான் போட்ட ஆயிரத்து நூறு மதி."

எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை. கட்டன் சாயா போட்டுக் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். மற்ற பதினான்கு பேருக்கும் கொடுக்க என்னிடம் பணம் இல்லை. அந்தப் பெயர்கள் என் டைரியில் இன்னும் இருக்கின்றன.

ஒரு வருடத்துக்கும் மேல் வீட்டில் இருந்தேன். கடைத்தெருவுக்குப் போவதென்றால் சுற்றுவழியில் போவேன். 2009 நவம்பரில் துபாய் வேர்ல்ட் நிறுவனம் கடனை அடைக்க அவகாசம் கேட்ட செய்தி வந்தபோது, லீவில் வந்தவர்கள் இனித் திரும்பப் போவதில்லை என்று எங்கள் தெருவுக்கும் புரிந்தது. அப்படித் திரும்பி வந்த ஒருவர்தான் 2010இல் மார்த்தாண்டத்திலேயே ஒரு சூப்பர் மார்க்கெட் ஆரம்பித்தார். இருபது வருட கல்ஃப் சம்பாத்தியம் முழுவதையும் போட்டிருந்தார். எங்களுக்கு அவர் முதலாளி. அனுபவமுள்ள ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். போன முதல் நாளே தெரிந்தது, ரேக்குகள் எல்லாம் பழைய கடையில் ஏலத்தில் எடுத்தவை. விலைச் சீட்டு ஒட்டிய தடம்கூட அழியவில்லை.

அந்தக் கடை முதல் இரண்டு வருடமும் தள்ளாடியது. விலை எங்கும் இல்லாத அளவு குறைவாகத்தான் வைத்திருந்தோம். ஜனங்கள் வந்தார்கள், சுற்றிப் பார்த்தார்கள், ஒரு சோப்பும் ஒரு பேஸ்டும் வாங்கினார்கள். மாதச் சாமான் வாங்கவில்லை. அரிசியும் பருப்பும் பழையபடி பலசரக்குக் கடையில்தான். பில்லை வெளிச்சத்தில் பிடித்து வரி வரியாகப் படித்தார்கள். பாக்கெட்டை முன்னாலிருந்து எடுக்காமல், கையை உள்ளே விட்டுப் பின்னாலிருந்து எடுத்தார்கள். பின்னால் சரக்கு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். "இந்தக் கடை எத்தன நாளைக்கு?" என்று நேராகவே கேட்டவர்களும் உண்டு. முதலாளிக்கு அது மனதைத் தைத்தது. யாரோ செய்த குற்றத்துக்கு அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

சரக்கு கொடுப்பவர்களும் அதே மாதிரிதான். முதல் ஆறு மாதம் யாரும் ஒரு நாள் கடன்கூடத் தரவில்லை. ரொக்கத்துக்கு வாங்கி, மெதுவாக விற்று, அந்தப் பணத்தில் மறுபடி வாங்க வேண்டும். 21 நாள் கிடைக்கிற கடையோடு இப்படி எத்தனை நாள் போட்டி போட முடியும்? நம்பிக்கை போனால் ஒரு கடைக்கு என்ன ஆகும் என்பதை நான் அங்கேதான் பைசா பைசாவாகப் பார்த்தேன். வாங்க வருகிறவருக்கும் நாளை மேல் நம்பிக்கை இல்லை, விற்க வருகிறவருக்கும் இல்லை. நடுவில் இருப்பவன் இன்றைய காசை வைத்து இன்றைக்கு மட்டும் வியாபாரம் செய்ய வேண்டும்.

எங்கள் எதிர்வரிசையில் ஒரு பழைய பலசரக்குக் கடை. விலை எங்களைவிடக் கூடுதல். ஏசி இல்லை, பார்கோடு இல்லை. ஆனால் கூட்டம் குறையவே இல்லை. ஏன் என்று ரொம்ப நாள் யோசித்திருக்கிறேன். அந்த அண்ணாச்சியிடம் நீளமாக ஒரு பற்று நோட்டு இருந்தது. ரப்பர் வெட்டு இல்லாத மழை மாதத்தில் பாதி ஊர் அந்த நோட்டில்தான் சாப்பிட்டது. அவர் முதலில் ஜனங்களை நம்பிக் கடன் கொடுத்தார், அதனால் ஜனங்கள் அவரை நம்பினார்கள். நாங்களோ பழைய கடையில் ஒருவருக்கும் ஒரு தீப்பெட்டிகூடக் கடனாகக் கொடுத்ததில்லை. ஜனங்களிடம்தான் கடன் வாங்கினோம். அதற்குச் சேமிப்புத் திட்டம் என்று பெயர் வைத்திருந்தோம்.

2011 ஜனவரியில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். மேசையில் அட்டை மாதிரி ஒன்று இருந்தது. நீல நிறம். "நாமளும் கிறிஸ்துமஸ் ஃபண்ட் போடுவோம். எல்லாரும் போடுறாங்க. மாசம் கொஞ்சம் பைசா உள்ள வந்தா சரக்கு தட்டில்லாம எடுக்கலாம்." அவர் சொன்ன கணக்கு சரியான கணக்குதான். கடைக்கு அந்தப் பணம் உயிர் மாதிரி தேவைப்பட்டது. எனக்குத்தான் கை நடுங்கியது. வேண்டாம் என்றேன். நான் அப்படி எதிர்த்துப் பேசியதை அவர் அதுவரை பார்த்ததில்லை. "என்னய ஏமாத்துக்காரன்னு நினைக்கியா?" என்று சத்தம் போட்டார். "அவங்களும் ஏமாத்தணும்னு தொடங்கல்ல முதலாளி" என்றேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சார், சில்லறைக்காக நின்றுகொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. உள்ளே வந்து உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிட்டார். 1938இல் திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி விழுந்தது. அப்போது நம் மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்தது, 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அவருடைய தாத்தா கொப்பரை வியாபாரத்தில் சேர்த்ததெல்லாம் அந்த வங்கியில் போனதாம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் இரண்டு தலைமுறை வங்கிப் படி ஏறவில்லை. நிலத்திலும் தங்கத்திலும் மட்டும் போட்டார்கள். அந்த வீட்டிலிருந்து வங்கி வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான்.

"1960இல பாலாய் சென்ட்ரல் பேங்க் போச்சு" என்றார். "அதுக்கு அப்புறம்தான் கவர்மென்ட் விழிச்சுது. 1962 முதல் டெபாசிட்டுக்கு இன்சூரன்ஸ் வந்தது. முதல்ல 1,500 ரூபாய் வரைக்கும். இப்ப ஒரு லட்சம்." (2020இல் அது ஐந்து லட்சம் ஆகிவிட்டது.) "பேங்க் விழுந்தா ஜனங்களுக்கு அந்த அளவாவது கிடைக்கும். பதிவு பண்ணின சீட்டுக் கம்பெனின்னா 1982 சட்டம் உண்டு, பதிவாளர் உண்டு. உங்க அட்டைக்கு என்ன உண்டு? இந்தப் பிள்ளைக்க கையெழுத்து உண்டு."

முதலாளி ரொம்ப நேரம் பேசவில்லை. நீல அட்டையைக் கிழிக்கவும் இல்லை, இழுப்பறையில் போட்டார். அது வெளியே வரவில்லை. அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குச் சரக்கு எடுக்க அவர் மனைவியின் வளையல்களை அடகு வைத்தார். அது எனக்குத் தெரிந்தபோது, நான் சொன்னது சரிதானா என்று இரவெல்லாம் யோசித்தேன். இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். கடைக்கு ஆகும் நஷ்டத்தைக் கடைக்காரர்தான் தாங்க வேண்டும். அண்டி ஆபீஸ் கூலியில் அதைக் கொண்டு வைக்கக்கூடாது.

அதன் பிறகு கடை எப்படிப் பிடித்தது என்று கேட்டால், பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. தராசைத் திருப்பி, எண் வாங்குகிறவர் பக்கம் தெரிகிற மாதிரி வைத்தோம். ஆண்டுதோறும் முத்திரை போட்ட சான்றிதழைத் தராசுக்கு மேலேயே மாட்டினோம். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுப்பதை நிறுத்தினோம். இதற்குத்தான் நான் அதிகம் அலைந்தேன். திங்கட்கிழமை காலையில் இரண்டு மூன்று ஆலயங்களின் பொருளாளர்களைப் போய்ப் பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கைச் சில்லறை துணிப்பையில் கட்டியிருக்கும். அங்கேயே உட்கார்ந்து எண்ணி, நோட்டைக் கொடுத்து வாங்கி வருவேன். ஐம்பது பைசாவை வாங்க ஆள் இல்லாத காலத்திலும் எங்கள் கல்லாவில் அது இருந்தது. ஒரு ரூபாய் மிச்சத்தைக் கையில் வாங்கும்போது சிலர் முகம் மாறும். அப்படி மாறியவர்கள் அடுத்த மாதம் அரிசி வாங்கினார்கள். மூன்றாவது வருடத்தில் சோப்பு கம்பெனி ஆள், யாரும் கேட்காமலே, "இனி ஒரு வாரம் கழிச்சுத் தந்தா மதி" என்று சொன்னார். முதலாளி அன்று எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தார்.

2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். நாட்டில் புழங்கிய பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் அந்த இரண்டு நோட்டுகளில் இருந்தது. ஏடிஎம்மில் பணம் இருந்தால் நாளுக்கு 2,000 ரூபாய் எடுக்கலாம், பல நாள் அதுவும் இல்லை. கூலி கொடுக்கிறவரிடமும் நோட்டு இல்லை. வாரம் முடிவதற்குள் கடை வெறிச்சோடியது. முதலாளி நீளமாக ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். "தெரிஞ்ச முகம்னா எழுதிக்கிட்டுக் கொடு. அரிசி, பருப்பு, எண்ணெய். ஆள் கேட்கக் கூச்சப்பட்டா நீயே கேளு." பார்கோடு வைத்த கடையில் பற்று நோட்டு. எதிர்க்கடை அண்ணாச்சியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அந்த வாரத்தில்தான் அண்டி ஆபீஸ் பாட்டி கடைக்குள் வந்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. முன்பெல்லாம் வாசலோடு போய்விடுவார். ரொம்பத் தளர்ந்திருந்தார். கையில் மடித்த ஒரு ஐநூறு ரூபாய் நோட்டு. "இது ஓடாதுன்னு சொல்லுதாவ. வீட்ல அரிசி இல்ல" என்றார். ஐந்து கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, அரை லிட்டர் தேங்காய் எண்ணெய் எடுத்து வைத்தேன். 412 ரூபாய். நோட்டில் பெயர் எழுதும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "நீயும் எழுதிட்டியா? சரி" என்றார். அவ்வளவுதான்.

பதினெட்டு நாள் கழித்து வந்தார். பத்து ரூபாய், இருபது ரூபாய் நோட்டுகள், மீதி சில்லறை. மேசை மேல் அடுக்கி வைத்து இரண்டு தடவை எண்ணினார். நானும் எண்ணினேன். சரியாக 412. நோட்டில் அவர் பெயருக்கு நேரே கோடு போட்டுக் காட்டினேன்.

"எனக்கும் ஒண்ணு எழுதித் தா."

துண்டுத்தாளில் 412 ரூபாய் வரவு என்று தேதி போட்டு எழுதி, கையெழுத்திட்டுக் கொடுத்தேன். தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். திரும்ப என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"வெறும் கையெழுத்து வேண்டாம் மக்களே. சீல் குத்தித் தா."

முதலாளியின் இழுப்பறையிலிருந்து சீலை எடுத்துவந்து, மையில் நன்றாக அழுத்திக் குத்தினேன். மை காயும் வரை பாட்டி அங்கேயே நின்றார். பிறகு தாளை இரண்டாக மடித்து, ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் உறையைத் திறந்தார். உள்ளே, கார்டுக்குப் பின்னால், ஓரம் கறுத்த மஞ்சள் அட்டையின் ஒரு முனை தெரிந்தது. சீல் குத்திய தாளை அதன் மேல் வைத்து, உறையை மூடி, முந்தியில் சொருகிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார்.